பட்டாசு மண்ணில் வேலை தேடும் பிள்ளைகள்: சந்தைக்கு வழி கேட்போம்

"என்ன தம்பி, இன்னும் எங்கேயும் அமையலையா?"

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் இளைஞனிடம் ஒரு பெரியவர் அக்கறையோடுதான் இதைக் கேட்கிறார். ஆனால் படிப்பை முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, அடுத்த வாரம் வேறு பள்ளிக்குத் தொழப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. கல்யாண வீட்டுக்கு வர மறுப்பதும், மாமு வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என மாவட்டம் முழுவதும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று இதுதான் நிலை. அவர்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. எங்கே போவது, எதைத் தயார் செய்வது, எதில் ஏமாறக் கூடாது என்பதையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

மதீனாவில் கேட்கப்பட்ட கேள்வி

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. மக்காவில் வணிகராக இருந்தவர். மதீனாவில் கையில் ஒன்றும் இல்லை. அவருக்குச் சகோதரராக்கப்பட்ட அன்சாரித் தோழர் ஸஅத் பின் ரபீஉ (ரலி), தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் (ரலி) அவருக்காகத் துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். அன்று அவர் ஈட்டி வந்தது கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும். பின்னாளில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானார்.

வேலை தேடும் பிள்ளைக்கு இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, கையில் ஒன்றுமில்லாத நிலையை அவர் வெட்கமாக நினைக்கவில்லை. இரண்டு, வழி தெரியாததை வாய்விட்டுக் கேட்டார். மூன்று, முதல் நாள் கிடைத்தது சிறிதாக இருந்தும் மறுநாளும் போனார். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒட்டகத்தைக் கட்டிப்போடாமல் தவக்குல் பேசக் கூடாது என்றும் நாம் மதரஸாவிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

இந்த மண்ணும் வழி கேட்டுத்தான் பிழைத்தது

மழை பொய்க்கும் கரிசல் பூமி இது. 1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அங்கிருந்துதான் இந்த ஊரின் கதை மாறியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. 1940-களில் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. தெரியாத தொழிலைத் தெரிந்த ஊருக்குப் போய்க் கற்று வந்தவர்களால்தான் இத்தனை லட்சம் பேருக்கு அடுப்பு எரிகிறது.

அந்தத் தொழில்கள் இப்போது நெருக்கடியில் உள்ளன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அதையடுத்து நவம்பரில் ஆலைகள் கதவடைத்தன. மாதக்கணக்கில் வேலை இல்லை. தீப்பெட்டியில் இயந்திரங்கள் கைவேலையைக் குறைத்துவிட்டன. லைட்டர் போட்டிக்கு வந்துவிட்டது. டைரியும் அழைப்பிதழும் செல்போனுக்குள் போய்விட்டதால் அச்சகங்களும் புதிய ஆர்டர்களைத் தேடுகின்றன. டில்லியில் வரும் ஒரு தீர்ப்பு இங்கே ஒரு வீட்டின் உலையைத் தொடுகிறது.

ஆகவே, வேலை கிடைக்காத பிள்ளையைத் திறமையில்லாதவன் என்று முடிவு கட்டுவது அநியாயம். சந்தையே இறுகியிருக்கிறது. இறுகிய சந்தையில் அவசரப்படுகிறவன்தான் அதிகம் இழக்கிறான்.

அவசரத்தில் பிடிக்கும் வேலை

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இறந்தவர்களில் பலர் அந்த வாரக் கூலியை நம்பி வந்தவர்கள்.

பட்டாசு ஆலையில் முறையாக வேலை செய்து, மானத்தோடு பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. உரிமம் இல்லாத கொட்டகையும், உரிமம் பெற்றவர் பிறருக்கு உள்குத்தகைக்கு விட்ட ஆலையும்தான் ஆபத்து. "வேறு வேலை கிடைக்கும்வரை போகட்டுமே" என்று பிள்ளையை அனுப்பும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. உரிமம் யார் பெயரில் இருக்கிறது? ஆலையை நடத்துவது அவர்தானா? நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. உரிமம் என்று நம் ஊரில் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் கையில் காட்டக்கூடிய உரிமம் இருக்க வேண்டும்.

2. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு விதி உண்டு. மர நிழலிலும் அறைக்கு வெளியிலும் உட்கார வைத்து வேலை வாங்கும் இடம் விதியை மீறும் இடம்.

3. தகுதி பெற்ற போர்மேன் இருக்கிறாரா? புதிதாக வருகிறவருக்குப் பயிற்சி தருகிறார்களா?

4. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா? பெயர் பதிவேட்டில் ஏறுகிறதா? பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு விபத்து நேர்ந்தால் குடும்பம் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

5. வீட்டிலேயே வைத்துச் செய்து தாருங்கள் என்று வெடிமருந்து சம்பந்தப்பட்ட எந்த வேலையைக் கொண்டு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டவிரோதம். குழந்தைகள் தூங்கும் வீட்டுக்குள் நாமே நெருப்பைக் கொண்டுவந்து வைப்பதும்கூட.

இதே தொழிலில் மருந்தைத் தொடாத வேலைகளும் இருக்கின்றன. கணக்கு, சரக்குப் போக்குவரத்து, அட்டைப்பெட்டி, லேபிள் வடிவமைப்பு, விற்பனை ஆகியவை அவற்றில் சில. பசுமைப் பட்டாசு வந்த பிறகு மூலப்பொருள்களைச் சோதிப்பதும் முக்கியமாகிவிட்டது. வேதியியல் படித்த பிள்ளைகள் அந்தக் கோணத்தில் விசாரிக்கலாம்.

முதல் 30 நாட்கள்

வேலை தேடுவதும் ஒரு வேலைதான். அதற்கும் நேரம், கணக்கு, ஓய்வு எல்லாம் வேண்டும். ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் திரும்பப் படுக்காமல், காலை நான்கு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினால் போதும். மதியத்துக்கு மேல் சிறு வருமானம் தரும் ஏதாவது ஒன்றைச் செய்யலாம். முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை:

பெயரைச் சரிசெய்வது. நம் சமுதாயத்தில் இது பெரிய சிக்கல். ஆதாரில் "முகமது", பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "முஹம்மது", பாஸ்போர்ட்டில் அத்தா பெயர் முழுதாக, வங்கியில் வெறும் இனிஷியல் என்று நான்கு ஆவணத்தில் நான்கு விதமாகப் பெயர் இருக்கும். வேலை கிடைத்து, சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும் நாளில்தான் இது வெளியே வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்து மற்றவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இது பட்டியலில் உள்ள பிரிவினருக்கே பொருந்தும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி முஸ்லிம், தூதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையத் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். பிரிவைக் குறிப்பிடாமல் வெறுமனே "முஸ்லிம்" என்று சான்றிதழ் இருந்தால் ஒதுக்கீடு கை நழுவிப் போகலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். மத்திய அரசுப் பணிகளுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி. அதற்கு மத்தியப் பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரீமி லேயர் வரம்பான 8 லட்ச ரூபாய் விதியும் உண்டு. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு இதற்காக அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. "அதில் யாருக்கு வேலை கிடைத்தது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்யுங்கள், 3 ஆண்டுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும், போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும் இலவசம். பதிவு செய்து 5 ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்காத, ஆண்டுக் குடும்ப வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகையும் உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். தொகை சிறிதுதான், தேர்வுக் கட்டணத்துக்காவது ஆகும்.

ஒரு பக்கத்தில் பயோடேட்டா. என்ன படித்தேன் என்பதோடு என்ன செய்யத் தெரியும் என்பதையும் எழுதுங்கள். மாமுவின் கடையில் இரண்டு ஆண்டு கணக்குப் பார்த்திருந்தால் அதுவும் அனுபவம்தான். ஜி.எஸ்.டி. பில் போடத் தெரியும் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

20 பேர் பட்டியல். உங்களுக்குத் தெரிந்த, இப்போது வேலையிலோ தொழிலிலோ இருக்கும் 20 பேரின் பெயர்களை எழுதுங்கள். "வேலை இருந்தால் சொல்லுங்க" என்று கேட்டால் "சரி" என்பதோடு முடிந்துவிடும். "உங்கள் கம்பெனியில் எந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு நான் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். சந்தைக்கு வழி கேட்பது இப்படித்தான். வாரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

மாவட்டத்துக்குள் எங்கே பார்ப்பது?

அச்சுத் தொழில். ஆடிப்பெருக்கு அன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதிலிருந்து ஆண்டு இறுதி வரை காலண்டர் சீசன். பள்ளி திறப்பதற்கு முந்தைய மாதங்கள் நோட்டுப் புத்தகத்துக்கானவை. சீசன் தொடங்கிய பிறகு போய் நின்றால் எடுபிடி வேலைதான் கிடைக்கும். ஒரு மாதம் முன்னதாகவே போய் வேலை கற்றுக்கொள்ளக் கேட்டால் இயந்திரத்தின் அருகில் நிற்க வாய்ப்பு வரும். காலண்டரும் டைரியும் குறைந்தாலும் பெட்டிகளின் தேவை குறையவில்லை. மருந்து, உணவு, சோப்பு என்று எல்லாவற்றுக்கும் அச்சிட்ட அட்டைப்பெட்டி வேண்டும். பேக்கேஜிங் வடிவமைப்பு, பிளேட் தயாரிப்பு, ஆப்செட் ஆபரேட்டர், டை பஞ்சிங் போன்ற வேலைகளில் கைத்திறன் உள்ளவரை எளிதில் விடமாட்டார்கள்.

வணிகம். பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய் ஆகியவற்றுக்கு விருதுநகர் மார்க்கெட் விலை தென்மாவட்டங்களுக்கே அளவுகோல். கணக்குப் பதிவு, கிடங்குப் பொறுப்பு, தரம் பிரித்தல் தெரிந்தவர்களுக்கு மண்டிகளிலும் ஆலைகளிலும் வேலை உண்டு. நாளை தனியாகத் தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

நெசவும் நூலும். ராஜபாளையத்தில் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணியும் பேண்டேஜும், அருப்புக்கோட்டையில் நெசவும் ஆலைகளும் உள்ளன. சாத்தூர் அருகே இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்குத் திட்டமிடப்பட்டு 2023-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய ஆலைகள் வரும்போது ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், தரப் பரிசோதகர் என்று பயிற்சி பெற்றவர்களைத்தான் முதலில் தேடுவார்கள். கதவு திறக்கும் நாளில் ஐ.டி.ஐ. சான்றிதழோடு நிற்பவருக்கும் வெறுங்கையோடு நிற்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

பக்கத்து மாவட்டம். தூத்துக்குடி சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் தூத்துக்குடி, மதுரை முகாம்களையும் கவனியுங்கள்.

செலவில்லாமல் கற்கும் இடங்கள்

வீட்டில் இருக்கும் காலத்தைக் கற்கும் காலமாக மாற்றிவிட்டால், நேர்காணலில் "இந்த ஓராண்டு என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.களில் பத்தாம் வகுப்புத் தகுதியோடு ஓராண்டு, ஈராண்டுப் பிரிவுகள் உள்ளன. எட்டாம் வகுப்புத் தகுதிக்கும் சில பிரிவுகள் உண்டு. பட்டம் முடித்துவிட்டோமே என்று கூச்சப்பட வேண்டாம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் படித்து முடித்தவர்களுக்கும் பயிற்சிகள் உண்டு. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இரு சக்கர வாகன மெக்கானிக், செல்போன் பழுதுபார்ப்பு, தையல் போன்றவற்றைச் சில வாரங்களில் இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ரயில்வேயும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தொழிற்பழகுநர்களை எடுக்கின்றன. அங்கே கற்கும்போதே உதவித்தொகை கிடைக்கும்.

பயிற்சிக்குப் பிறகு கடனுக்கு வழிகாட்டுவார்கள். அரசுத் திட்டங்களில் மானியம் இருந்தாலும் மீதித் தொகை பெரும்பாலும் வட்டிக் கடனாகவே இருக்கும். பயிற்சியை மட்டும் பெற்றுக்கொள்வதற்குத் தடையில்லை. முதலீட்டுக்குக் குடும்பக் கூட்டு, பங்குத் தொழில், ஜமாஅத்தின் வட்டியில்லாக் கடன் ஆகிய வழிகளை முதலில் பாருங்கள். செல்போன் சர்வீஸுக்கான கருவிப் பெட்டிக்கு லட்சங்கள் தேவையில்லை.

அரசுத் தேர்வு: இரண்டு ஆண்டுக் கணக்கு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் எனப் பல பணிகள் இந்த ஒரே தேர்வில் அடங்கும். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். இதில் 100 கேள்விகள் தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்த நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படிப்பதே இதற்கு மருந்து.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளை முடித்திருந்தால் தட்டச்சர் பணிக்கும் வழி திறக்கும்.

ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வை எழுதுவோர் லட்சக்கணக்கானோர். அதனால் எத்தனை ஆண்டு முயல்வது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ஆண்டும் பகுதிநேர வேலையோடு படிக்கட்டும். பெற்றோர் குறுக்கே பேசாமல் இருக்கட்டும். காலம் முடிந்தால் வேறு பாதைக்கு மாறட்டும். முடிவுத் தேதி இல்லாமல் முப்பது வயது வரை தேர்வு எழுதிக்கொண்டே இருந்து சோர்ந்துபோனவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வெளிநாடு போகும் முன்

வளைகுடாவும் மலேசியாவும் நமக்கு அந்நியமல்ல. ஏதாவது ஒரு தலைமுறையில் யாராவது போய்வந்த வீடுகள் நிறைய. அந்தப் பழக்கத்தாலேயே ஏஜெண்ட் பேச்சை எளிதில் நம்பிவிடுகிறோம். இவற்றை மனத்தில் வையுங்கள்:

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள்; பேச்சு மாறிவிடும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையில் வரும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பவர், அந்த அனுமதியையும் அதோடு வரும் பாதுகாப்பையும் சேர்த்தே தட்டிப் பறிக்கிறார். வெளிநாடு போக நினைக்கும் பிள்ளை முதலில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதி முடிப்பது நல்லது.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். கம்போடியா, லாவோஸ் பெயர்களிலும் இதே வலை விரிக்கப்படுகிறது. டேட்டா என்ட்ரிக்கு அளவுக்கு மீறிய சம்பளம் என்றாலே சந்தேகப்படுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் ஆட்களை அனுப்பி வருகிறது. அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மத்திய அரசின் பிரவாசி உதவி மையத்தை 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உள்ளூரிலும் வலை உண்டு. வீட்டிலிருந்தே "லைக்" போட்டால் பணம் என்பதும், பதிவுக் கட்டணம் கட்டினால் வேலை உறுதி என்பதும் மோசடி. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்" என்பது எல்லாவற்றிலும் கொடியது. அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புரண்டால் போலீஸ் தேடி வருவது உங்கள் பிள்ளையைத்தான். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

பெண் பிள்ளைகளின் பட்டம்

கல்லூரியில் நன்றாகப் படித்த பெண் பிள்ளைகளின் சான்றிதழ்கள் பல வீடுகளில் பீரோவில் தூங்குகின்றன. "தூரம் அனுப்ப முடியாது" என்று சொல்லும் பெற்றோரின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் தூரம் போகாமலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட்., டெட் தேர்வு. மருத்துவமனை ஆய்வகம், மருந்தாளுநர் பணி. கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம். சிவகாசி அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தே வடிவமைப்பு. குரூப் 4 தேர்வுக்கும் வீட்டில் இருந்தே படிக்கலாம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பக்கத்து ஊர் வரை போய்வரும் செலவும் இல்லை. நேர்காணலுக்கு அத்தாவோ அண்ணனோ கூடப் போய் வேலை இடத்தைப் பார்த்து வந்தால் பாதித் தயக்கம் தீரும். ஹிஜாப், தொழுகை நேரம் பற்றி முதல் நாளே பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

பெற்றோரும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியவை

வேலை தேடும் பிள்ளைக்கு வீடு தர வேண்டிய பெரிய உதவி அவகாசம். பசியும் அவமானமும் துரத்தும்போதுதான் உரிமமில்லாத கொட்டகையும், பொய் ஏஜெண்டும் நல்ல வழியாகத் தெரிகிறார்கள். மாமு மகனோடு ஒப்பிடாதீர்கள். தினமும் "என்னாச்சு" என்று கேட்காமல், வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை இரவு என்று வைத்துக்கொண்டு அந்த வாரம் என்ன செய்தான், அடுத்த வாரம் என்ன என்று உட்கார்ந்து பேசுங்கள். மற்ற நாட்களில் பேச்சை எடுக்க வேண்டாம்.

மஹல்லா அளவில் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை சில:

பள்ளிவாசல் பலகையில் தொழுகை நேரத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறை வேலை அறிவிப்புகளை ஒட்டலாம். கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் ஞாயிறு அஸருக்குப் பிறகு உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். சாதிச் சான்றிதழ், பெயர்த் திருத்தத்துக்கு ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்தலாம். ஓய்வு பெற்ற ஆசிரியரைக் கொண்டு குரூப் 4 தமிழ் வகுப்பு நடத்தலாம். பைத்துல்மாலில் இருந்து, உரியவர்களுக்கு ஆலிம்களின் ஆலோசனைப்படி, தையல் இயந்திரமோ கருவிப் பெட்டியோ வாங்கித் தரலாம். கடை வைத்திருப்போர் ஆளுக்கு ஒரு பிள்ளையை ஆறு மாதம் சம்பளத்தோடு தொழில் பழக்கலாம். ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களைப் போலப் பாதிச் சொத்தைக் கொடுக்க நம்மால் ஆகாது. சந்தைக்கு வழி காட்டுவதாவது நம்மால் ஆகும்.

மனம் தளரும்போது

பத்து விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் போகலாம். நேர்காணல் வரை போய்த் திரும்பி வரலாம். ஒவ்வொரு முறையும் எங்கே தடுக்கியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அழைப்பே வரவில்லையென்றால் பயோடேட்டாவையும் அனுப்பும் இடத்தையும் மாற்ற வேண்டும். அழைப்பு வந்து தேர்வாகவில்லையென்றால் பேச்சுப் பயிற்சி தேவை. தேர்வாகியும் சம்பளம் ஒத்துவரவில்லையென்றால் திறன் கூட்ட வேண்டும். தோல்வி எங்கே என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், யாரோடும் பேசாமல் ஒரு பிள்ளை இருந்தால் அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த இளைஞனைப் பள்ளிவாசல் படியில் பார்த்தால், "இன்னும் அமையலையா?" என்று கேட்க வேண்டாம். "தம்பி, உன் பயோடேட்டா ஒண்ணு கொடு, எனக்குத் தெரிஞ்ச இடத்துல கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்டும் பாருங்கள்.

ஹலாலான உழைப்பைத் தேடி அலையும் நம் பிள்ளைகளின் கால்களுக்கு வல்ல இறைவன் வலிமையையும், அவர்கள் ஈட்டுவதில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.